செதுக்காமல் விட்ட கோடு: ஸரீனாவின் ஓர் அச்சோவியத்தை நிந்தவூரிலிருந்து வாசித்தல்

1. கேள்வி

வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாக வளைந்து நெளிந்து இறங்கும் ஒரு தடித்த கறுப்புக் கோடு. அதன் இரு புறமும் சிதறிக் கிடக்கும் சிறு கீறல்கள். மனிதர் இல்லை, மரம் இல்லை, எழுத்தும் இல்லை. ஸரீனா ஹாஷ்மி 2001ஆம் ஆண்டு மரத்தில் செதுக்கி அச்சிட்ட 'பிரிக்கும் கோடு' என்ற படத்தில் கண்ணுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். அச்சுப் பகுதி ஏறத்தாழ 40 சென்டிமீற்றர் உயரமும் 33 சென்டிமீற்றர் அகலமும் கொண்டது. சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியின் ஒரு தாளளவு என்று வைத்துக்கொள்ளலாம். 20 பிரதிகளோடு பதிப்பு முடிந்தது.

இந்தக் கோடு இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்கும் எல்லைக்கோடு என்பது தலைப்பையும் கலைஞரின் வரலாற்றையும் அறிந்தவர்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த கணமே படம் 'புரிந்து' விடுகிறது. பார்வையாளர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். என் கேள்வி அந்த அவசரத்தைப் பற்றியது. இப்படியான ஒரு சிறு அரூபப் படத்தின் பொருள் எங்கே இருக்கிறது? தலைப்பிலா, கலைஞரின் வாழ்க்கையிலா, பார்க்கிறவரின் ஊரிலா, அல்லது செதுக்கிய மரத்திலா? நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்பது தப்பித்துக்கொள்ளும் விடை. இவற்றில் எது மற்றவற்றைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்ல வேண்டும். மரம்தான் என்பது என் வாதம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் இந்தப் படத்தைப் பார்த்ததெல்லாம் நகலாகவே: திரையில், நூற்பக்கத்தில். இந்தியாவில் கையால் செய்த தாளில் அச்சாகி, பின்னர் வேறொரு வெள்ளைத் தாளின்மேல் ஒட்டப்பட்ட படம் அது. தாளின் நார், மை அழுந்திய பள்ளம் ஆகிய இரண்டையும் நகல் தராது. இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூரில் இருந்துகொண்டு நவீன ஓவியம் பற்றி எழுதுகிறவர் எவருக்கும் உள்ள குறைதான் இது. ஆனால் கறுப்பு வெள்ளை மரச்செதுக்கு, எண்ணெய் வண்ண ஓவியத்தைவிட நகலில் குறைவாகவே இழக்கிறது. வெட்டின் திசை, கோட்டின் விளிம்பு, எஞ்சிய கீறல் ஆகியவை நகலிலும் நிற்கின்றன. என் வாதத்துக்கு வேண்டியவை அவை.

2. இதுவரை வாசித்த விதங்கள்

வலுவானது பிரிவினை வாசிப்பு. இலக்கிய ஆய்வாளர் ஆமிர் முஃப்தி ஸரீனாவின் கலையை உடைமை பறிபோன அனுபவத்தோடு பிணைத்து விரிவாக எழுதியிருக்கிறார். 2012இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஜோன்சன் அருங்காட்சியகம், துணைக்கண்டத்துப் பிரிவினையை மையமாகக் கொண்டு நடத்திய 'கட்டுப்பாட்டுக் கோடுகள்' கண்காட்சியும் இந்தத் தளத்தில் நின்றதுதான். இதற்குப் படத்திலேயே சான்று உண்டு. கோடு கற்பனையானதல்ல, தரையில் இருக்கும் எல்லையின் வளைவுகளைப் பின்பற்றுகிறது. அதே 2001இல் ஸரீனா செய்த 'என் உலகின் நிலப்படம்' என்ற, ஆறு மரச்செதுக்குகள் கொண்ட தொகுப்பிலும் இந்த எல்லை கனத்த கோடாக வருகிறது.

ஆனால் வாழ்க்கை வரலாற்றை நேராகப் படத்தின்மேல் ஒட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸரீனா பிறந்தது 1937 ஜூலை 16, அலிகாரில். தந்தை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். பிரிவினையின்போது ஸரீனாவுக்கு வயது பத்து. அலிகார் டில்லிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. கோடு அந்த ஊரின் அருகில்கூடப் போகவில்லை. 1958இல் கணிதப் பட்டம் பெற்று, வெளிநாட்டுச் சேவையில் இருந்த கணவரோடு பாங்கொக் சென்றார். பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தது 1959இல். அதாவது எல்லையைத் தாண்டி ஓடிய சிறுமியின் கதை அல்ல இது. மகள் வெளியூரில் இருந்தபோது வீடுதான் எல்லை தாண்டிப் போனது. திரும்பி வருவதற்கு இருந்த முகவரி, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் இல்லாமல் போயிற்று. இரத்தமும் ரயிலும் நிறைந்த பிரிவினைக் கதைகளைப் படித்துப் பழகிய நாம், அவற்றையெல்லாம் இந்தக் கோட்டின்மேல் ஏற்றிவிடுகிறோம். படத்தில் அந்தக் கூச்சல் இல்லை.

இரண்டாவது வடிவ வாசிப்பு. கணிதம் படித்தவர், கட்டடக் கலையில் ஈடுபாடுள்ளவர், கிளைடர் ஓட்டப் பழகியவர், பரிசில் ஹெய்ட்டரின் அச்சுப் பட்டறையில் பயின்றவர், 1974இல் டோக்கியோவில் தோஷி யோஷிதாவிடம் மரச்செதுக்குக் கற்றவர், பிறகு நியூயோர்க்கில் குறைவளவுக் கலையின் சூழலில் வாழ்ந்தவர். எனவே இது மேலிருந்து பார்க்கும் கண்ணின், குறைத்துச் சொல்லும் கையின் படம் என்பர். தகவல்கள் சரியானவை. ஆனால் குறைவளவுக் கலைஞர்களின் கோடு பெரும்பாலும் அளவுகோலின் கோடு. யாருடைய கை இழுத்தது என்று தெரியாமல் இருப்பதில் பெருமை கொள்வது. இந்தக் கோடோ கோணல்மாணலானது. வடிவ வாசிப்பு அந்தக் கோணலுக்குக் காரணம் சொல்லாமல் கடந்துபோகிறது.

மூன்றாவதாக ஒன்று அவ்வப்போது காதில் விழுகிறது: முஸ்லிம் பெண், ஆகவே உருவம் தவிர்த்தார், ஆகவே அரூபம். இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. முகலாயச் சிற்றோவியம் தொடங்கி எம். எஃப். ஹுசைன் வரை உருவம் வரைந்த முஸ்லிம்களின் வரிசை நீளமானது. அரூபத்தை மதத்தின் விளைவாகக் காட்டுவது, கலைஞர் எடுத்த முடிவைக் கலைஞரிடமிருந்து பறிப்பதாகும்.

3. மரக்கட்டை சொல்வது

மரச்செதுக்கு என்பது மேடு மை வாங்கும் முறை. கட்டையில் எதை வெட்டி எடுக்கிறோமோ அது தாளில் வெள்ளையாகும். எதைத் தொடாமல் விடுகிறோமோ அது கறுப்பாகும். வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் வேலை சுலபம். உளியை ஒருமுறை ஓட்டினால் போதும். வெள்ளை வெளியில் கறுப்புக் கோடு வேண்டுமென்றால் கோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். இந்தப் படத்தில் ஸரீனா கோட்டைச் செதுக்கவில்லை. கோட்டின் இரு புறத்து நிலத்தைச் செதுக்கி எடுத்துவிட்டார்.

அந்தக் கோட்டை முதலில் போட்டவரோடு இதை ஒப்பிட வேண்டும். எல்லை ஆணைக்குழுவின் தலைவர் சிரில் ரட்கிளிஃப் 1947 ஜூலை 8ஆம் திகதி இந்தியா வந்தார். அதற்கு முன் அந்த நாட்டைப் பார்த்திராத வழக்கறிஞர். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் வேலை முடிந்தது. ஓகஸ்ட் 17ஆம் திகதி, இரு நாடுகளும் சுதந்திரம் கொண்டாடி முடித்த பின், எல்லை அறிவிக்கப்பட்டது. அவருடைய கோடு வரைபடத்தின்மேல் சேர்க்கப்பட்ட ஒன்று. அடியில் ஊர்களும் ஆறுகளும் கால்வாய்களும் அப்படியே இருந்தன. மேலே ஒரு கோடு கூடியது. ஸரீனாவின் கோடு சேர்த்தது அல்ல, மிஞ்சியது. ஊர்களும் ஆறுகளும் போய்விட்டன. கோடு மட்டும் நிற்கிறது. வரைந்தவரின் பார்வைக்கும் வாழ்ந்தவர்களின் பார்வைக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தொழில்நுட்பத்திலேயே அடங்கிவிட்டது. வேறு ஊடகத்தில், சொல்லப்போனால் தூரிகையால், இதே கோட்டை இதே அளவில் வரைந்திருந்தால் அது ரட்கிளிஃபின் கோடாகவே இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நேரடியாகக் கட்டையிலிருந்து எடுக்கும் அச்சில் இடம் வலமாகும். ஈயத்தில் எழுத்துக் கோத்த பழைய அச்சகத் தொழிலாளர்களுக்கு இது கைவந்த விடயம்; அவர்கள் எழுத்தை மாற்றியே வாசிப்பார்கள். தாளில் பாகிஸ்தான் இடப்பக்கமும் இந்தியா வலப்பக்கமும் வர வேண்டுமென்றால், கட்டையில் இரண்டும் இடம் மாறியே இருந்தாக வேண்டும். நாள்கணக்கில் உளியோடு குனிந்திருந்த கலைஞரின் கண்முன் இருந்தது, கராச்சி கிழக்கிலும் அலிகார் மேற்கிலும் அமைந்த ஒரு துணைக்கண்டம். இதை அவர் குறியீடாகக் கருதினாரா என்பது இங்கே முக்கியமல்ல. எந்தப் பக்கம் யாருடையது என்பதைக் கை மறந்துவிடும் ஒரு வேலைமுறையில் இந்த எல்லை உருவானது என்பது போதும். படத்தில் எந்தப் பக்கமும் மற்றதைவிடக் கனமாக இல்லாததும், இரு புறமும் ஒரே விதமாய்க் கீறல்கள் கிடப்பதும் அதற்கு ஒத்துப்போகின்றன.

அந்தக் கீறல்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டி எடுத்த பரப்பில் உளி விட்டுச்செல்லும் மெல்லிய வரப்புகள் மை பட்டால் தாளில் பதியும். துப்புரவை விரும்பும் அச்சுக்காரர் அவற்றைச் சுரண்டி எடுத்துவிடுவார். இங்கே விடப்பட்டிருக்கின்றன. அகற்றப்பட்ட நிலத்தின் அகற்ற முடியாத மிச்சம் என்று நான் வாசிக்கிறேன்.

4. தலைப்பை மறைத்துப் பார்த்தல்

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்து அவர்கள் எழுதிய விளக்கங்களை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டது, விமர்சனம் படிக்கும் தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்த கதை. அதன் ஏழைப் பதிப்பு ஒன்றை என் வீட்டில் செய்து பார்த்தேன். இதை ஆய்வு என்று சொல்லத் துணிய மாட்டேன்.

கரைவலைத் தொழிலில் ஆயுளைக் கழித்த மாமா படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடலெடுத்த கரை மாதிரி இரிக்கி மகன்" என்றார். உம்மா சுவர் வெடிப்பு என்றார். எந்த அறைச் சுவர் என்றும் சொன்னார். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் மருமகன் ஆறு என்றான், அது கடலில் சேரும் இடம் எது என்று தேடினான்.

தலைப்பே பொருளைத் தருகிறது என்று வாதிடுவோர் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்: பார்த்தீர்களா, தலைப்பில்லாவிட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் மூவரும் சொன்னவற்றை அருகருகே வைத்தால், எவரும் அதை ஓர் அலங்காரமாகவோ கையெழுத்தாகவோ பார்க்கவில்லை. மூவரும் பரப்பு இரண்டாகப் பிளந்த ஓர் இடத்தைக் கண்டார்கள். இருவர் இழப்பைக் கண்டார்கள். தலைப்புச் செய்வது அந்தப் பிளவுக்கு முகவரி எழுதுவதுதான். பிளவை உண்டாக்கியது உளி. 'ஆளுக்கொரு அர்த்தம்' என்று அரூபக் கலையைப் பாராட்டுவதும் 'அர்த்தமே இல்லை' என்று ஏசுவதும் ஒரே சோம்பலின் இரு பக்கங்கள். வாசிப்புகள் வேறுபடலாம். ஆனால் அவை எந்த எல்லைக்குள் வேறுபடுகின்றன என்பதைப் படம் தீர்மானிக்கிறது.

5. நம் கரையின் கோடுகள்

மாமாவின் வாசிப்பைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் இந்தக் கரையில் கோடு என்பது உவமை அல்ல.

2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அடுத்த ஆண்டு அரசாங்கம் கரையோரத்தில் கட்டடம் தடைசெய்யப்பட்ட வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கொழும்பில் தாளில் போட்ட அந்த அளவு, கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக நடுவில் ஒடுங்கிய எங்கள் ஊர்களின்மேல் வந்து விழுந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது போல வளவோடு வளவு ஒட்டிய ஊர்களில் 200 மீற்றர் என்பது தெருத்தெருவாகக் குடிமனைகள். கடல் விட்டுவைத்த காணியைக் கோடு எடுத்துக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் தரையில் இல்லாத, ஆனால் எல்லாரும் அறிந்திருந்த ஒரு கோட்டோடு வாழ்வது எப்படியென்று அந்த மாதங்கள் கற்பித்தன.

இரண்டாவது கோடு இயற்கையும் பொறியியலும் சேர்ந்து போட்டது. 2008இல் தொடங்கிய ஒலுவில் துறைமுக வேலை முடிந்து 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை பசி கொள்ளும். துறைமுகத்துக்கு வடக்கே இருப்பது ஒலுவில் கிராமத்துக் கரை, அதற்கும் வடக்கே நிந்தவூர். தென்னைகள் சரிந்ததையும் தோணி இழுத்து வைக்கும் இடம் சுருங்கியதையும் மாமா பார்த்திருக்கிறார். அவருக்குக் கரை என்பது நகரும் கோடு. நிலம் வெட்டுண்டு போக, மிஞ்சி நிற்கும் விளிம்பு. ஸரீனாவின் கட்டையில் நடந்ததும் அதுவே. மாமாவின் விடை தவறு என்பவர் வரைபடத்தைச் சரியாகப் படித்தவர். ஆனால் மரத்தைச் சரியாகப் படித்தவர் மாமாதான்.

ஆயினும் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். எல்லா இழப்பும் ஒன்று என்று சொல்லிவிட்டால் படம் கரைந்துபோகும். கடல் எடுத்த கரைக்கும் ஆணைக்குழு போட்ட எல்லைக்கும் இடையே பொறுப்பு என்ற வேறுபாடு இருக்கிறது. தலைப்புக்கு வேலை வருவது இங்கேதான். 'பிரிக்கும்' என்பது வினை. செய்தவர் ஒருவர் உண்டு. 2003இல் ஸரீனா செய்த ஒன்பது மரச்செதுக்குகளின் தொகுப்பில் சரயேவோ, ஜெனின், பக்தாத், காபூல், அகமதாபாத் முதலிய நகரங்கள் வருகின்றன. அவற்றைக் கடல் அழிக்கவில்லை. கல்முனையில் எம். ஏ. நுஃமான் 1981இலேயே பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் கொண்டுவந்ததால், எல்லைக்கு எழுவாய் தேடும் பழக்கம் இந்தக் கரையின் வாசகர்களுக்குப் புதிதல்ல.

6. வீடு என்ற சொல்

'பிரிக்கும் கோடு' தனியாக நிற்கும் படம் என்றாலும், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தொகுப்பு ஒன்றோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும். 1999இல் வந்த அந்தத் தொகுப்பின் பெயர் 'வீடு ஓர் அந்நிய இடம்'. 36 மரச்செதுக்குகள், படம் ஒவ்வொன்றும் சுமார் 20 சென்டிமீற்றர் உயரம், 15 சென்டிமீற்றர் அகலம். ஒவ்வொரு படத்தோடும் ஓர் உருதுச் சொல்: வீடு, வாசற்படி, கதவு, முற்றம், எல்லை, தூரம், மொழி என்று போகும் வரிசை. ஸரீனா முதலில் சொற்பட்டியலை எழுதினார். பாகிஸ்தானில் ஓர் எழுத்தணிக் கலைஞர் அவற்றை நஸ்தலீக் எழுத்தில் எழுதித் தந்தார். படங்கள் அதன் பிறகு வந்தன. சொல் படத்துக்கு விளக்கம் அல்ல, படம்தான் சொல்லுக்கு விளக்கம்.

குர்ஆன் ஓதிப் பழகிய நிந்தவூர்க் கண்ணுக்கு இந்தச் சொற்கள் ஒரு விசித்திரமான அனுபவம். வீட்டைக் குறிக்கும் உருதுச் சொல்லின் முதல் எழுத்து, அரபுக் காஃபின் தலையில் இன்னொரு கோடு கூடியது. எழுத்துத் தெரிந்ததுபோல இருக்கிறது; வாய் திறந்தால் சொல் வரவில்லை. எங்கள் மூதாதையர் அரபுத் தமிழ் எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் கூட்டி எழுத்துகளை இப்படித்தான் ஆக்கினார்கள். இன்று அந்த நூல்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. வீடு அந்நியமாவது எப்படியென்று ஸரீனா சொல்வதை, மொழி தெரியாமலே பாதி விளங்கிக்கொள்ளும் நிலை எங்களுடையது.

ஆனால் மறு பாதியில் எனக்கு முரண்பாடு உண்டு. ஸரீனாவின் வீடு தந்தையின் வீடு. 1994இல் செய்த ஒரு செதுக்கோவியத்துக்கு அந்தப் பெயரையே வைத்து, அலிகார் வீட்டின் தரைப்படத்தை அறைகளின் பெயர்களோடு பதித்தார். மகள் திருமணமாகி நீங்குவாள், வீடு தந்தையோடு நிற்கும் என்பது அங்கே சொல்லாமலே விளங்கும் ஒழுங்கு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ஒழுங்கு வேறு. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாக வைத்து 2008இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுவதுபோல, இங்கே தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மணமகன்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அடுத்த வளவில் சிறு வீடு கட்டி ஒதுங்குவதும் உண்டு. பிறந்த வீட்டை விட்டு நீங்குபவர் இங்கே ஆண். ஸரீனாவின் தொகுப்பை 'பெண்ணின் புலம்பெயர்வு' என்று உலகளாவிய உண்மையாக்கி எழுதும் விமர்சகர்கள் இந்தக் கரையையும் ஒருமுறை பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' (2011) இதற்கு நல்ல துணை. இடம்பெயர்ந்த 80 பேர், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் உட்பட, இழந்த வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாக வரைந்தார்கள்; அது கட்டடக் கலைஞரின் படமாகவும், பின் சனாதனனின் ஓவியமாகவும் மாறியது. அங்கும் மேலிருந்து பார்த்த வீடுதான், அங்கும் கோடுகள்தான். ஆனால் அவை நினைவு சேர்த்த கோடுகள். கிணறு இங்கே, மாமரம் அங்கே என்று நிறைந்துகொண்டே போகும். ஸரீனாவின் உளி எதிர்த்திசையில் வேலை செய்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால், வீட்டை இழந்தவர்களின் கலை என்று இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது எவ்வளவு மேம்போக்கானது என்று தெரியும்.

7. தீர்ப்பு

'பிரிக்கும் கோடு' அரூபப் படம் என்று வகைப்படுத்தப்படுவதிலேயே எனக்கு உடன்பாடில்லை. நிலப்பரப்பில் இருக்கும் ஒன்றின் வளைவை இவ்வளவு நேர்மையாகப் பின்பற்றும் படத்தை அப்படிச் சொல்வது பழக்கதோஷம். அரூபமாக இருப்பது அதன் இரு புறமும் உள்ள வெள்ளை. அங்கே இருந்த அத்தனையும் உருவம் இழந்திருக்கின்றன. ஆகவே பிரிவினை வாசிப்பு சரி, ஆனால் அது கோட்டைப் பார்க்கிறது. பார்க்க வேண்டியது வெள்ளையை.

ஸரீனா 2020 ஏப்ரல் 25இல் இலண்டனில் காலமானார். 2011இல் வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியில் இந்தியாவின் அரங்கில் இடம்பெற்றவர்களில் ஒருவர் அவர். இத்தனைக்கும் தமிழில் அவர்மீது விழுந்த கவனம் மிகக் குறைவு. பயணத்தில் எங்காவது அவருடைய படங்களை அசலில் காணும் வாய்ப்பு இந்தக் கட்டுரையைப் படிப்பவருக்குக் கிடைத்தால், ஒரு வேண்டுகோள்: கோட்டின்மேல் கண்ணை ஓட்டாதீர்கள். தாளின் ஓரத்தில் தொடங்கி, உளி தப்பவிட்ட அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி கோட்டுக்கு வந்து சேருங்கள். நான் நகலில் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வந்தது.